வெயிலில் நிற்கும், மாலையில் ஓடும்: பழைய விடெக் காரின் கோளாறை நேரம் பார்த்துக் கண்டுபிடிப்பது

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது ‘எப்போது?’ என்பதைத்தான். என்ன சத்தம், எந்த இடம், கடைசியாக யார் கை வைத்தது என்பதெல்லாம் அப்புறம். காலையில் முதல் தடவையா, நண்பகல் வெயிலில் நிறுத்தி எடுத்தபோதா, மழை விட்ட மறுநாளா, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகா? இருபது வயதைத் தாண்டிய காரில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பதில் தெரியாமல் தொடங்கினால் நல்ல பெட்ரோல் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது மாட்டுவோம். பழைய கோளாறு இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

இங்கே பேசப்போவது முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியின் ஒன்றரை லிட்டர் விடெக் வண்டியைப் பற்றி. விடெக் என்பது மேல் சுற்றில் வால்வுகளை அதிகம் திறந்து கூடுதல் திறன் தரும் என்ஜின் அமைப்பு. 2003 வரை நம் நாட்டில் புதிதாக விற்ற வண்டி அது, 106 குதிரைத்திறன். நான்கு கதவு, பின்னால் டிக்கி என்று பார்வைக்குக் குடும்பக் கார்தான். ஆனால் இரண்டாவது கியரில் சுற்று முள்ளை (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) ஆறாயிரத்துக்கு மேல் கொண்டுபோய்ப் பார்த்தவர்கள் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் பதினோரு ஆண்டுகளாக ஒன்றை வைத்து ஓட்டுகிறேன். இதே காலத்து வேறு பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்த வழிமுறை பயன்படும். அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போன இடத்தில் என்ஜின் ஏற்கெனவே சூடாக இருக்கிறது

நாம் வருவதற்கு முன்பே விற்பவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வைத்திருப்பது எங்கும் உள்ள வழக்கம். வெயிலில் நிற்கும் வண்டியில் பானெட் எப்படியும் சுடும் என்பதால் அதைத் தொட்டுப் பயனில்லை. ஆயில் அளவுகோலை உருவித் துணியில் தொட்டுப் பாருங்கள். ஆயில் சூடாக இருந்தால் என்ஜின் ஓடியிருக்கிறது. வாக்குவாதம் வேண்டாம். ‘அண்ணாச்சி, நாளை விடியற்காலை வருகிறேன், அதுவரை சாவி போட வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

என் வண்டியை வாங்கியதும் அப்படித்தான். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டுக்கு இரண்டு முறை போனபோதும் என்ஜின் சூடு. மூன்றாவது முறை காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. கூடவே சைலன்சரில் இருந்து நீலப் புகை குபுக்கென்று வந்து அரை நிமிடத்தில் நின்றது. வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல் வயதாகிக் காய்ந்துபோயிருந்தது. இரவில் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. வண்டியே வேண்டாம் என்று சொல்ல வைக்கும் கோளாறு அல்ல அது. விலையைக் குறைத்துக் கேட்க வைக்கும் கோளாறு. சூடான என்ஜினில் அது தெரியவே தெரியாது.

வெளியில் தெரியாத ஒன்றுக்கு, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு, மட்டும் கருவி வேண்டும். கம்ப்ரெஷன் மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். நான்கு சிலிண்டரிலும் அளந்து எழுதச் சொல்லுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ அளவில் இருந்தால் மகிழ்ச்சி. 9.5க்குக் கீழே ஒன்று இருந்தாலோ, நான்குக்குள் 2 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ என்ஜின் வேலை காத்திருக்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கசிவு.

கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து நெல்லை சந்திப்பு, வண்ணார்பேட்டைப் பகுதிகளுக்குள் புகுந்தபோது தெருவில் நின்ற கார்கள் மூழ்கின. அவற்றில் பல துடைத்து, வாசனை தெளித்து, மறுபடி சந்தைக்கு வந்துவிட்டன. ஆண்டுகள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். வெள்ளம் பார்த்த வண்டியில் மின்கோளாறு இரண்டாம், மூன்றாம் ஆண்டில்கூடத் தலைகாட்டும். கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு மெதுவாகத்தான் வளரும்.

மூன்று இடங்களைப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி முழம் வரை யாரும் கழுவ மாட்டார்கள், தண்ணீர் நின்ற கோடு அங்கே பழுப்பாகத் தெரியும். முன் சீட்டின் கீழே போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று விரலால் தடவுங்கள். பின் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியின் ஓரத்தில் நகத்தால் சுரண்டுங்கள். ஆற்று வண்டல் மாவு போல நைசாக இருக்கும். சாலைப் புழுதி கரகரக்கும். இரண்டையும் ஒருமுறை விரலில் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு அப்புறம் குழப்பம் வராது. வண்டல் இருந்தால் அந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம்

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று கடலோரத்தில் பல காலம் நின்ற வண்டிகளில் உப்புக்காற்று கதவுக்குக் கீழ்ப்பட்டையையும் பின்சக்கர வளைவையும் தின்றிருக்கும். ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த இடங்களில் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. பெயின்ட் மங்கியிருந்தால் கவலை இல்லை. துரு உள்ளிருந்து வந்திருந்தால் டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும்.

வண்டி நன்றாக இருக்கிறது, ஆர்.சி. இல்லை

15 ஆண்டு முடிந்த தனியார் காருக்குப் படிவம் 25 கொடுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் 5 ஆண்டுக்குச் செல்லும். காருக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்ந்தது. நாம் பேசும் வண்டி எல்லாமே இருபதைத் தாண்டியவை. பசுமை வரி தனி. இதெல்லாம் கட்டி முடித்த ஆர்.சி.யா, காலாவதியான ஆர்.சி.யா என்பதை விலை பேசுவதற்கு முன்பே பாருங்கள்.

தில்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு அங்கிருந்து இந்தப் பக்கம் வரும் வண்டிகள் விலை குறைவாக இருக்கும். வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28இன்படி அங்கிருந்து தடையின்மைச் சான்று கைக்கு வந்திருக்க வேண்டும். ‘அடுத்த வாரம் வந்துவிடும்’ என்ற பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய கடன் ஆர்.சி.யில் இருந்தால் படிவம் 35. சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு வைத்து நீங்களே ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.

நண்பகலில் ஸ்டார்ட் ஆகவில்லை, மாலையில் ஆகிவிடுகிறது

நம் ஊரில் இந்த வண்டியின் முதன்மையான அறிகுறி இதுதான். மே மாதம், கல்யாண மண்டபத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டி. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை. கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு ஒரு காபி குடித்து வந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது.

‘பெட்ரோல் ஆவியாகிவிட்டது’ என்று சொல்வார்கள். கார்புரேட்டர் வண்டிக்கு அது சரியான விளக்கம். இந்த வண்டியில் பெட்ரோல் குழாய்க்குள் அழுத்தத்தில் இருக்கிறது. அவ்வளவு எளிதாக ஆவியாகாது. வேறு இடத்தில் தேட வேண்டும்.

செய்ய வேண்டியது இது. வண்டி பிடிக்காமல் நிற்கும் அந்த நேரத்திலேயே, அது குளிர்வதற்கு முன்பே, ரேடியோ, ஏ.சி. எல்லாவற்றையும் அணையுங்கள். சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் ஆன் நிலையில் மட்டும் நிறுத்துங்கள். பின்சீட்டின் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு நிற்க வேண்டும். தெருச் சத்தத்தில் கேட்காவிட்டால் இன்னொருவரைப் பெட்ரோல் ஊற்றும் வாயில் காதை வைக்கச் சொல்லுங்கள்.

முனகல் கேட்கவில்லை என்றால் முதல் சந்தேகம் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலே. டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி அது. இந்தத் தலைமுறை வண்டிகளில் ஆண்டுக்கணக்கான சூட்டில் அதன் உள்ளே இருக்கும் ஈயப் பற்றைச் சுற்றி மயிரிழை வெடிப்பு விழும். சூட்டில் விரிந்து தொடர்பு விடும், குளிர்ந்தால் சேரும். அதனால்தான் மாலையில் ஓடுகிறது. மூடியைக் கழற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு முள்ளைச் சுற்றியும் மெல்லிய வளையம் தெரியும். டி.வி. பழுது பார்க்கும் கடையில் கொடுத்தால் எல்லாப் பற்றையும் உருக்கி மறுபடி வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பதினைந்து நிமிட வேலை. இதைப் பார்க்காமல் பம்பை மாற்றி, பில்டரை மாற்றி, கடைசியில் கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்ன ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்து நண்பர் ஒருவரின் வண்டியை நான் திரும்ப எடுத்து வந்திருக்கிறேன். அவர் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

முனகல் கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பக்கத்தை விட்டுவிட்டுத் தீப்பொறிப் பக்கம் வாருங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி, உலோகப் பகுதி என்ஜினில் தொடும்படி வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். ஒயரைக் கையால் பிடிக்காதீர்கள்; பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக்கூடாது. நீலப் பொறி வராவிட்டால் ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மீதுதான் முதல் சந்தேகம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது

சுற்று முள்ளைக் கவனியுங்கள். வண்டி கியரிலேயே உருண்டுகொண்டிருக்கும்போது முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் இக்னிஷன், அதாவது தீப்பொறிப் பக்கம், போயிருக்கிறது. சக்கரம் என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருந்தும் முள் விழுகிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து தீப்பொறியை மூட்டிவிடும் இக்னைட்டரில் இருந்து சமிக்ஞை வரவில்லை என்று பொருள். முள் வண்டியின் வேகத்தோடு மெல்ல இறங்கினால் பெட்ரோல் வரவில்லை. மேலே சொன்ன ரிலேவுக்குப் போங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டின் சீல் தேய்ந்து ஆயில் உள்ளே வந்தால் காயிலும் இக்னைட்டரும் அதிக நாள் தாங்காது. பேரிங் தேய்ந்த வண்டியில் செம்பழுப்பு நிறத் தூள் படிந்திருக்கும். தண்டை அசைத்தால் ஆடும். அந்த நிலையில் உதிரிப்பாகம் மட்டும் மாற்றுவது வீண், முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் என்ஜின் மிஸ்ஸிங் ஆனால் அது வேறு கதை. இரவில், விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டுப் பிளக் ஒயர்களின் மீது தண்ணீரைத் தெளியுங்கள், ஊற்ற வேண்டாம். வெடித்த ஒயரில் இருந்து நீலக் கோடு பக்கத்து இரும்புக்குத் தாவுவது கண்ணுக்கே தெரியும். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தாலும் இதே மிஸ்ஸிங் வரும்; அதற்கு வால்வு மூடியின் கேஸ்கெட்டும் குழி சீல்களும் மாற்ற வேண்டும்.

ஐட்லிங் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையில் ஏறி இறங்குகிறது

ஐட்லிங் என்பது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகம். சிக்னலில் நிற்கும்போது யாரோ ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடுவது போல இருக்கும். உடனே ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகப் போகாதீர்கள். முதலில் ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கழுத்து வரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த என்ஜினில் ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் வழியாகக் கூலன்ட் ஓடுகிறது. அளவு குறைந்தாலோ, காற்று அடைத்திருந்தாலோ வால்வு சூட்டை உணராமல் தடுமாறும். கூலன்டை நிரப்பி, காற்று நீக்கும் போல்ட்டைத் தளர்த்திக் குமிழி இல்லாமல் வரும்வரை விட்டு மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் வேக்குவம் குழாய்களில் வெடிப்பு தேடுங்கள், பிறகு ஐட்லிங் வால்வைக் கழற்றிக் கார்புரேட்டர் கிளீனரால் கழுவுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். செலவே இல்லாததில் இருந்து தொடங்கும் வரிசை இது.

என்ஜின் விளக்கு எரிந்தால் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு முள் சர்வீஸ் கனெக்டரை ஒரு சிறு ஒயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். விளக்கு சிமிட்டும். நீண்ட சிமிட்டல் பத்து, குறுஞ்சிமிட்டல் ஒன்று. 6 என்றால் கூலன்ட் சூட்டு சென்சார், 7 என்றால் திராட்டில் சென்சார், 14 என்றால் ஐட்லிங் வால்வு, 21 விடெக் சோலனாய்டு (மின்சாரத்தால் ஆயில் வழியைத் திறக்கும் வால்வு), 22 விடெக் ஆயில் அழுத்த ஸ்விட்ச்.

வெப்ப முள் ஏறுகிறது

மறுபடியும் எப்போது, எங்கே என்பதுதான். டவுன் ரத வீதி நெரிசலில் ஏறி, நெடுஞ்சாலைக்கு வந்ததும் இறங்கினால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை, ஃபேனைப் பாருங்கள். ஏ.சி.யைப் போட்டால் ஃபேன் ஓடுகிறது, ஏ.சி. இல்லாமல் சூடானால் ஓடவில்லை என்றால் மோட்டார் நல்லது, ஃபேன் ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. இரண்டிலும் ஓடாவிட்டால் மோட்டாரையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள்.

ஊருக்குள் அமைதியாக இருந்து, நாங்குநேரி தாண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் தண்ணீர். நம் மாவட்டத்தின் தெற்கிலும் கிழக்கிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும், அலுமினியத்தையும் அரிக்கும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், ஆனால் ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். பேட்டரிக்கு விற்கும் வடிநீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. வழியில் அவசரத்துக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினாலும் வீடு வந்ததும் முழுவதையும் வடித்து மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியை மலிவான பொருள் என்று அலட்சியம் செய்யாதீர்கள். சுமார் 1.1 பார் அழுத்தம் வரை அது பிடித்து வைத்திருப்பதால்தான் கூலன்ட் நூறு டிகிரியில் கொதிக்காமல் இருக்கிறது. அதன் ரப்பர் இறுகிப்போனால் நல்ல ரேடியேட்டரும் பொங்கும். கருப்புப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டிய ரேடியேட்டரின் மேல்தொட்டி பழுப்பேறியிருந்தால் வெடிக்கும் நாள் நெருங்கிவிட்டது. பயணத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் போல இறுகினால், ரிசர்வ் டப்பாவில் தொடர்ந்து குமிழி வந்தால், என்ஜினின் ஹெட்டுக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். நடுவழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏ.சி.யை அணைத்து, ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்களை எனக்குத் தெரியும். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள்.

புகை

காலையில் முதல் தடவை மட்டும் நீலம் என்றால் வால்வு சீல். மேட்டில் அழுத்தி ஏற்றும்போது நீலம் தொடர்ந்து வந்தால் ரிங். நெல்லை சமதளம், ஏற்றம் வேண்டுமென்றால் சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்தில் இரண்டாவது கியரில் ஏற்றி, பின்னால் ஒருவரை வரச் சொல்லிப் பார்க்கலாம். கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல். ஏர் பில்டரைப் பாருங்கள், குறிப்பாகத் திசையன்விளைப் பக்கச் செம்மண் புழுதியில் ஓடும் வண்டி என்றால் கையேடு சொல்லும் கெடுவில் பாதியிலேயே மாற்றுங்கள். இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது.

மேல் சுற்றில் வண்டி எழவில்லை

இந்த வண்டியை வாங்குவதே அந்த எழுச்சிக்காகத்தான். தாழ்ந்த சுற்றில் சாதுவாக ஓடும் என்ஜின், மேலே போகப் போகக் குரலை மாற்றிக்கொண்டு முன்னே பாயும். ஆயில் அழுத்தம் ஒரு சிறு பின்னைத் தள்ளி, வால்வுகளை அதிகம் திறக்கும் பெரிய கேமுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் விடெக். அது நடக்காவிட்டால் உங்கள் வண்டி சாதாரணக் கார்.

முதலில் ஆயில் அளவு. ஆயில் குறைந்திருந்தால், என்ஜின் முழுச் சூடு ஏறாமல் இருந்தால், அமைப்பே அதை அனுமதிக்காது. அடுத்தது ஆயிலின் தடிமன். ‘வெயில் ஊர், பழைய என்ஜின், கட்டியான ஆயில் ஊற்றலாம்’ என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறார்கள். இந்த என்ஜினின் நுண்ணிய வழிகள் 10டபிள்யூ-30க்காகச் செய்யப்பட்டவை. கட்டி ஆயிலை நான் ஏற்பதில்லை. மூன்றாவது, ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் விடெக் சோலனாய்டு. அதன் கேஸ்கெட்டிலேயே ஒரு சல்லடை இருக்கிறது; ஆயில் மாற்றாமல் ஓடிய வண்டியில் அது கசடால் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவுங்கள், கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். சோலனாய்டின் மின்தடை 14 முதல் 30 ஓம் இருக்க வேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும்.

கூடவே வால்வு இடைவெளியையும் பாருங்கள். இன்டேக் 0.18 முதல் 0.22 மி.மீ., எக்சாஸ்ட் 0.23 முதல் 0.27 மி.மீ. இதை என்ஜின் 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். நம் ஊர் கோடையில் பகல் காற்றே அந்த அளவைத் தாண்டிவிடும். மதியம் ஒர்க்‌ஷாப் தகரக் கொட்டகைக்குள் வைத்து அளந்தால் எல்லா எண்ணும் தவறு. முந்தின இரவே வண்டியை விட்டுவிட்டு விடியற்காலையில் செய்யச் சொல்லுங்கள். இந்த ஒன்றுக்காக நான் மெக்கானிக் வீட்டுத் திண்ணையில் காலை ஐந்தரைக்கு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கியர் இறுகுகிறது

கியர் பெட்டியில் 90 நம்பர் ஆயில் ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இந்தப் பெட்டிக்கு அது வேண்டாம். இதற்கென்று வரும் மேனுவல் கியர் ஆயில், கிடைக்காவிட்டால் 10டபிள்யூ-30 என்ஜின் ஆயில். மாற்றிய பிறகும் வேகமாக மாற்றும்போது ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் நறநறத்தால் கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது.

ஒரு பக்கமாக இழுக்கிறது

வள்ளியூர் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு பக்கம் மட்டும் இழுக்கிறதா? ஆனி, ஆடியா? அது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று, காற்றாலைகளைச் சுழற்றுவது போலவே தாழ்வான, எடை குறைந்த இந்த வண்டியையும் தள்ளும். தெற்கே போகும்போது இடப்பக்கமும், திரும்பி வரும்போது வலப்பக்கமும் தள்ளினால் வண்டியில் குறை இல்லை. இரு திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால் டயர் காற்று, அலைன்மென்ட், லோயர் ஆர்ம் புஷ், பிடித்துக்கொண்ட பிரேக் காலிப்பர் என்று அந்த வரிசையில் பாருங்கள்.

முழு வளைவில் ‘டக் டக்’ என்றால் ஆக்சிலின் வெளி மூட்டு. ரப்பர் பூட் கிழிந்து மணல் போயிருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க்.

டயரில் பட்டை நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு ஆண்டு கடந்த டயரோடு சித்திரை வெயிலில் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகாதீர்கள்.

நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் வாடை

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் அது கிடையாது. எத்தனால் பழைய ரப்பரைத் தளர்த்தும், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் கார் செட்டைத் திறந்ததும் வாடை அடித்தால் அன்றே டேங்கில் இருந்து என்ஜின் வரை எல்லா ரப்பர் ஹோஸ்களையும் விரலால் வளைத்துப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் எத்தனால் தாங்கும் ரக ஹோஸ் வாங்கி, கிளிப்போடு சேர்த்து மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது, ஹோஸுக்குப் பக்கத்திலேயே சூடான எக்சாஸ்ட் இருக்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதையும் தவிருங்கள். வாரம் ஒருமுறை பாபநாசம் வரை போய்வந்தால் வண்டிக்கும் நல்லது.

அறிகுறியே காட்டாதது

டைமிங் பெல்ட், வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதாமல் ஒத்து ஓட வைப்பது. சத்தம் இல்லை, புகை இல்லை, விளக்கு இல்லை. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் திறக்க வேண்டியதாகிவிடும். ஒரு லட்சம் கிலோமீட்டர் அல்லது ஐந்தாறு ஆண்டு, எது முந்துகிறதோ அது. விற்பவர் ‘போன வருஷம்தான் மாற்றினேன்’ என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரத்திலேயே மாற்றுங்கள். தண்ணீர்ப் பம்பையும் இதே பெல்ட்தான் சுழற்றுகிறது என்பதால் பம்ப், டென்ஷனர் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இந்த என்ஜின் மற்றவற்றைப் போல வலமாகச் சுற்றுவதில்லை, இடமாகச் சுற்றும். பெல்ட் மாட்டும்போது டைமிங் குறிகளைச் சேர்க்க அந்தத் திசையில்தான் திருப்ப வேண்டும் என்பதை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டுங்கள். என் வண்டியில் அப்படி மூன்று தாள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. முதல் தாளின் எழுத்து என்ஜின் சூட்டில் பழுப்பேறிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது.